சாக்கெட் திறக்காமல் வெப் சர்வீஸை டெஸ்ட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப் சர்வீஸ் எழுதுபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். விஷயம் இதுதான்: சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) திறந்து சர்வரை எந்தப் போர்ட்டிலும் ஏற்றாமல், எச்டிடிபி கிளையன்ட்டின் அடிப்பாகத்தை மட்டும் மாற்றி, கோரிக்கை நேராக சர்வர் நிரலுக்குள் போய்த் திரும்பும்படி டெஸ்ட் எழுதுவது. எல்லாம் ஒரே நினைவகத்துக்குள் நடப்பதால் இதை நினைவக டெஸ்ட் என்கிறேன். பெரும்பாலும் எல்லா மொழிக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களில் மொழியின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

நினைவகத்துக்குள்ளேயே டெஸ்ட் செய்யும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

வழக்கமாக ஒரு கோரிக்கை போகும் பாதையைப் பாருங்கள். உங்கள் நிரல் ஒரு கோரிக்கைப் பொருளை உருவாக்குகிறது. கிளையன்ட் லைப்ரரி அதில் ஹெடர், குக்கி எல்லாம் சேர்க்கிறது. அடியில் இருக்கும் டிரான்ஸ்போர்ட் அதை பைட்களாக்கி சாக்கெட்டில் எழுதுகிறது. மறுமுனையில் வெப் சர்வர் அந்த பைட்களைப் படித்து மறுபடியும் ஒரு கோரிக்கைப் பொருளாக்கி, மிடில்வேர் (எல்லாக் கோரிக்கையும் கடந்து போகும் பொது நிரல்), ரூட்டிங் (முகவரிக்கு ஏற்ற நிரலைத் தேர்வது) வழியாக, பதில் தர நீங்கள் எழுதிய ஃபங்ஷனான ஹேண்ட்லரிடம் கொடுக்கிறது. பதிலும் அதே பாதையில் திரும்புகிறது.

நடுவில் இருக்கும் அந்த சாக்கெட் துண்டை மட்டும் கழற்றிவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிடுகிறோம். கிளையன்ட், சர்வர் இரண்டும் ஒரே ப்ராசஸில் ஓடுகின்றன. ரூட்டிங் நிஜம், மிடில்வேர் நிஜம், தரவை ஜேசன் உரையாக்கும் மாற்றம் நிஜம், நிலைக் குறியீடும் நிஜம். போர்ட் மட்டும் இல்லை.

இது மாக் செய்வதுதானே? புதுப் பெயர் எதற்கு?

இல்லை. இந்தக் குழப்பம்தான் அதிகம். மாக் கிளையன்ட் என்பது நீங்கள் முன்கூட்டியே எழுதிவைத்த பதிலைத் திருப்பித் தரும். சர்வர் நிரலில் ஒரு வரிகூட ஓடாது. சர்வர் உடைந்து கிடந்தாலும் மாக் டெஸ்ட் பச்சையாகத்தான் இருக்கும். நினைவக டெஸ்டில் பதிலைத் தருவது உங்கள் சர்வரேதான். ரூட்டின் பெயரை யாராவது மாற்றினால் 404 வந்து டெஸ்ட் விழும்.

இரண்டும் ஒரே கொக்கியில் மாட்டப்படுவதால்தான் ஒன்றுபோலத் தெரிகின்றன. டிரான்ஸ்போர்ட் இருக்கும் இடத்தில் பொய்ப் பதிலை வைத்தால் மாக். நிஜ சர்வரை வைத்தால் நாம் பேசும் விஷயம்.

லோக்கல்ஹோஸ்டில் நிஜ சர்வரையே ஓட்டினால் போதாதா?

பல நேரம் போதும். சிறிய சர்வீஸ், பத்து இருபது டெஸ்ட் என்றால் அதையே செய்யுங்கள், தவறில்லை. ஆனால் போர்ட் எண்ணை நிலையாக எழுதாதீர்கள். நான் முன்பு இருந்த ஒரு குழுவில் எல்லா டெஸ்டும் 8080-ஐ நம்பியிருந்தன. பில்ட் இயந்திரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பில்ட் ஓடினால் இரண்டில் ஒன்று "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று விழும். அதற்கு ஒருவர் போட்ட மருந்து, டெஸ்ட் தொடங்கும் முன் 5 விநாடி தூங்கவைப்பது. நோய் போகவில்லை, டெஸ்ட் மட்டும் மெதுவானது. போர்ட் எண்ணாக 0 கொடுத்தால் காலியாக இருக்கும் ஒன்றை இயங்குதளமே எடுத்துத் தரும். பிறகு எந்த எண் கிடைத்தது என்று சர்வரைக் கேட்டுக்கொள்ளலாம். பாதித் தலைவலி அதிலேயே தீரும்.

மீதிப் பாதிக்குத்தான் நினைவக முறை. சர்வர் தயாராகிவிட்டதா என்று காத்திருக்க வேண்டாம். ஃபயர்வால் கேள்வி வராது. சர்வருக்குள் ஒரு எக்ஸப்ஷன் எழுந்தால் அதன் முழுத் தடமும் டெஸ்ட் வெளியீட்டிலேயே தெரியும். எனக்குப் பிடித்தது இன்னொன்று: டீபக்கரில் டெஸ்டின் வரியிலிருந்து அடியெடுத்து அடியெடுத்து ஹேண்ட்லருக்குள்ளேயே போய்விடலாம்.

கிளையன்ட்டை எந்த இடத்தில் மாற்ற வேண்டும்?

முடிந்த அளவு அடியில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

உங்கள் சர்வீஸை அழைக்கும் ஒரு கிளையன்ட் லைப்ரரி இருக்கிறது என்று வையுங்கள். அதில் "ஆர்டரைக் கொண்டுவா" என்று ஒரு மெத்தட். அந்த மெத்தட் இருக்கும் இன்டர்ஃபேஸுக்கே டெஸ்டில் மாற்று எழுதி, அது நேராக சர்வரின் ஹேண்ட்லர் ஃபங்ஷனை அழைக்கும்படி செய்யலாம். எழுதுவது சுலபம். ஆனால் யூஆர்எல் சரியாகக் கட்டப்பட்டதா, ஹெடர் போனதா, ஜேசன் எழுதிப் படிக்கப்பட்டதா என்று எதுவுமே ஓடாது. பிழைகள் குடியிருப்பதே அங்கேதான்.

நானே ஒருமுறை இப்படி மாட்டினேன். கிளையன்ட்டும் சர்வரும் ஒரே தேதி வகையைப் பயன்படுத்தின. நான் எழுதிய குறுக்குவழி, பொருளை அப்படியே இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றியது. டெஸ்ட் எல்லாம் பாஸ். நிஜத்தில் அந்தத் தேதி ஜேசனாக மாறும்போது நேர மண்டலம் உதிர்ந்துபோனது, ஆர்டர்கள் ஒரு நாள் முன்னால் பதிவாயின. அன்று முதல் ஒரு விதி வைத்திருக்கிறேன்: இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பைட் மட்டும்தான் போகலாம், பொருள் போகக்கூடாது.

நல்லவேளையாகப் பெரும்பாலான எச்டிடிபி லைப்ரரிகளில் இதற்கென்றே ஓர் ஓட்டை விட்டிருக்கிறார்கள். டாட்நெட்டின் எச்டிடிபி கிளையன்ட் உண்மையில் ஒரு மேலுறைதான். வேலை செய்வது அதன் உள்ளே இருக்கும் மெசேஜ் ஹேண்ட்லர் சங்கிலி, கடைசிக் கண்ணிதான் சாக்கெட்டைத் தொடுவது. கோ மொழியில் அதன் பெயர் ரவுண்ட் டிரிப்பர், ஒரே ஒரு மெத்தட் உள்ள இன்டர்ஃபேஸ். பைத்தானில் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரி அதை அடாப்டர் என்கிறது, எச்டிடிபிஎக்ஸ் டிரான்ஸ்போர்ட் என்கிறது. ஸ்பிரிங்கின் ரெஸ்ட் டெம்ப்ளேட்டில் ரெக்வெஸ்ட் ஃபேக்டரி. பெயர் எதுவானாலும், கோரிக்கை உள்ளே, பதில் வெளியே. அந்தக் கடைசிக் கண்ணியை மட்டும் மாற்றுங்கள்.

என் ஃபிரேம்வொர்க்கில் இது ஏற்கெனவே இருக்கிறதா?

அநேகமாக இருக்கும். முதலில் தேடுங்கள், பிறகு எழுதுங்கள்.

டாட்நெட் உலகில் இந்த எண்ணம் பழையது. 2012-இல் வந்த ஏஎஸ்பி டாட்நெட் வெப் ஏபிஐயில் சர்வர் வகுப்பே ஒரு மெசேஜ் ஹேண்ட்லராக எழுதப்பட்டிருந்தது. அதைத் தூக்கி எச்டிடிபி கிளையன்ட்டின் கன்ஸ்ட்ரக்டரில் போட்டால் வேலை முடிந்தது. அந்த வடிவமைப்பின் அழகு இன்றும் எனக்கு வியப்புதான். இப்போதைய ஏஎஸ்பி டாட்நெட் கோரில் டெஸ்ட் சர்வர் அந்த வேலையைச் செய்கிறது. அதற்கு மேல் வெப் அப்ளிகேஷன் ஃபேக்டரி 2018-இல், 2.1 பதிப்போடு வந்தது.

பைத்தானில் வெப் சர்வருக்கும் அப்ளிகேஷனுக்கும் நடுவில் டபிள்யூஎஸ்ஜிஐ என்ற பொது ஒப்பந்தம் 2003-இலேயே எழுதப்பட்டதால் எல்லாருக்கும் இது சுலபமாகக் கிடைத்தது. அப்ளிகேஷன் என்பது ஒரு ஃபங்ஷன் மட்டுமே. அதை அழைப்பது வெப் சர்வராகவும் இருக்கலாம், டெஸ்டாகவும் இருக்கலாம். ஃபிளாஸ்க், ஜாங்கோ இரண்டிலும் டெஸ்ட் கிளையன்ட் உள்ளேயே வருகிறது. ஃபாஸ்ட்ஏபிஐயில் வருவது ஸ்டார்லெட்டின் டெஸ்ட் கிளையன்ட். ரூபியில் ராக் என்ற ஒப்பந்தமும் இதே கதை.

ஜாவாவில் ஸ்பிரிங் 3.2-இல் வந்த மாக்எம்விசி பிரபலம். பெயரில் மாக் இருந்தாலும் உங்கள் கன்ட்ரோலர் நிஜமாகவே ஓடும். போலியானது சர்வ்லெட் பகுதிதான். ஜெர்சியில் நினைவகக் கன்டெய்னர் உண்டு. ரெஸ்ட்ஈஸியின் பழைய பதிப்பில் நினைவகத்துக்குள்ளேயே அழைக்கும் கிளையன்ட் எக்ஸிக்யூட்டர் ஒன்று இருந்தது, பெயரும் அதுவே. நோடில் ஃபாஸ்டிஃபை தரும் இன்ஜெக்ட் மெத்தட் உண்மையாகவே சாக்கெட் திறப்பதில்லை. சூப்பர்டெஸ்ட் அப்படியல்ல, அது சத்தமில்லாமல் ஒரு தற்காலிகப் போர்ட்டைத் திறக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை; தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. ரஸ்ட்டின் ஆக்ஸமில் ரூட்டரையே ஒருமுறை அழைத்துவிடலாம்.

நானே எழுத வேண்டியிருந்தால்?

கோ மொழியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே முழு வேலையும் பத்து வரிக்குள் அடங்கும். ஒரு ஸ்ட்ரக்ட், அதற்குள் உங்கள் ஹேண்ட்லர். ரவுண்ட் டிரிப் மெத்தடில் எச்டிடிபிடெஸ்ட் பேக்கேஜின் ரெக்கார்டர் ஒன்றை உருவாக்கி, ஹேண்ட்லரிடம் ரெக்கார்டரையும் கோரிக்கையையும் கொடுத்து, முடிந்ததும் ரெக்கார்டரின் ரிசல்ட்டைத் திருப்பித் தருகிறீர்கள். இந்த ஸ்ட்ரக்டை கிளையன்ட்டின் டிரான்ஸ்போர்ட் இடத்தில் வையுங்கள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் பள்ளங்கள் உண்டு.

கிளையன்ட் பக்கத்துக் கோரிக்கையில் உடல் (கூடவே அனுப்பும் தரவு) இல்லாவிட்டால் அந்த ஃபீல்டு வெறும் நில், அதாவது காலி மதிப்பு. ஆனால் சர்வர் பக்கத்தில் அது எப்போதும் நில் அல்லாத ஒன்றாக இருக்கும் என்று கோ உறுதி தருகிறது, ஹேண்ட்லர்களும் அதை நம்பித்தான் எழுதப்படுகின்றன. எனவே உடல் இல்லாத கோரிக்கை வந்தால், அதன் நகலில் காலி உடல் ஒன்றை வைத்து அனுப்புங்கள். அதேபோல் கிளையன்ட் கோரிக்கையில் ரெக்வெஸ்ட் யூஆர்ஐ, அனுப்புநர் முகவரி இரண்டும் காலியாக இருக்கும். நிஜத்தில் நிரப்புவது சர்வர். ஐபி முகவரியை லாக் செய்யும் மிடில்வேர் இருந்தால் அங்கே தடுக்கும்.

தலைகீழாகவும் தவறு நடக்கும். எச்டிடிபிடெஸ்ட் பேக்கேஜ் தரும் நியூ ரெக்வெஸ்ட் ஃபங்ஷன் சர்வர் பக்கத்துக் கோரிக்கையை உருவாக்குவது. அதைக் கிளையன்ட்டின் டூ மெத்தடில் கொடுத்தால், ரெக்வெஸ்ட் யூஆர்ஐயைக் கிளையன்ட் கோரிக்கையில் வைக்கக்கூடாது என்று பிழை வரும். ஒரே வகை, இரண்டு வேடம். (அந்த ஃபங்ஷன் அனுப்புநர் முகவரியாக 192.0.2.1 என்று போடும். அது ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய வரம்பு. உங்கள் லாகில் அதைப் பார்த்து யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.)

இன்னொன்று, ஹேண்ட்லர் பானிக் ஆனால் (கோ மொழியில் நிரல் பிழையோடு நிலைகுலைவது) கோவின் நிஜ சர்வர் அதைப் பிடித்து அந்த இணைப்பை மட்டும் மூடும். உங்கள் ரவுண்ட் டிரிப்பரில் பிடிக்க யாரும் இல்லை. டெஸ்ட் ப்ராசஸே விழுந்துவிடும். ரெக்கவர் போட்டு அதைப் பிழையாக மாற்றித் தருவது நல்லது.

தமிழ் எழுத்துகள் கோரிக்கையில் இருந்தால் நினைவக டெஸ்ட் நம்பகமானதா?

நம் டிரான்ஸ்போர்ட் பைட்டுக்கு மரியாதை கொடுத்தால் நம்பகமானது. கொடுக்காவிட்டால் இங்கேதான் முதலில் உடையும்.

"வணக்கம்" என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 7 குறியீடுகள், ஏனென்றால் புள்ளி தனிக் குறியீடு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. கன்டென்ட் லெங்த் ஹெடரில் வர வேண்டியது 21. ஸ்ட்ரிங்கின் நீளத்தை எடுத்து 7 என்று போட்டால் நிஜ சர்வர் உடலை மூன்றில் ஒரு பங்கோடு வெட்டிவிடும். நினைவகத்தில் பல நேரம் யாரும் அந்த ஹெடரைப் பார்த்துப் படிப்பதில்லை என்பதால் டெஸ்ட் பாஸாகிவிடலாம். ஆங்கிலச் சோதனைத் தரவில் எழுத்தும் பைட்டும் ஒரே எண்ணிக்கை, எனவே பிழை வெளியே வரவே வராது. சோதனைத் தரவில் கொஞ்சம் தமிழ் கலந்துவையுங்கள்.

பாதையிலும் இதே சிக்கல். டபிள்யூஎஸ்ஜிஐயில் யூஆர்எல் பாதை ஒரு விசித்திரமான வடிவில் வரும். சதவீதக் குறிகளை அவிழ்த்த பைட்களை லத்தீன்-1 என்று பாவித்து ஸ்ட்ரிங்காக்கி வைக்க வேண்டும் என்று 2010-இல் வந்த திருத்தப் பதிப்பு சொல்கிறது. ஃபிரேம்வொர்க் அதைத் திரும்ப பைட்டாக்கி யூடிஎஃப்-8 ஆகப் படிக்கும். நீங்களே எழுதிய அடாப்டர் நல்ல எண்ணத்தோடு சுத்தமான தமிழ் ஸ்ட்ரிங்கை வைத்தால், லத்தீன்-1 ஆக மாற்ற முடியாமல் ஃபிரேம்வொர்க் திணறும்.

குக்கியும் ரீடைரக்ட்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. ஏன்?

அந்த வேலைகளைச் செய்துகொண்டிருந்த கண்ணியைத்தான் நீங்கள் கழற்றிவிட்டீர்கள். எந்த வேலை எந்த அடுக்கில் நடக்கிறது என்பது லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். டாட்நெட்டில் குக்கி, ரீடைரக்ட், ஜிஜிப் சுருக்கத்தை அவிழ்ப்பது எல்லாமே கடைசிக் கண்ணியின் பொறுப்பு. அதை மாற்றினால் மூன்றும் போகும். வெப் அப்ளிகேஷன் ஃபேக்டரி தரும் கிளையன்ட் குக்கி, ரீடைரக்ட் இரண்டுக்கும் தனிக் கண்ணிகளைச் சேர்த்துத் தருகிறது. டெஸ்ட் சர்வரிடமிருந்து நேராக வாங்கும் கிளையன்ட் அப்படித் தருவதில்லை. கோ மொழியில் ரீடைரக்ட்டும் குக்கியும் கிளையன்ட் அடுக்கிலேயே இருப்பதால் அவை தப்பிக்கின்றன, ஜிஜிப் மட்டும் போகும்.

பைத்தானில் கவனிக்க வேண்டியது இயல்புநிலை. ரெக்வெஸ்ட்ஸ் ரீடைரக்ட்டைப் பின்தொடரும், எச்டிடிபிஎக்ஸ் தொடராது. ஃபிளாஸ்க், ஜாங்கோ டெஸ்ட் கிளையன்ட்கள் தொடராது, ஸ்டார்லெட்டுடையது தொடரும். 200 எதிர்பார்த்து 302 வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

500 வர வேண்டிய இடத்தில் எக்ஸப்ஷன் நேராக டெஸ்டுக்குள் வந்து விழுகிறதே?

அது வேண்டுமென்றே வைத்தது. யாரும் பிடிக்காத எக்ஸப்ஷனை மறைத்து 500 என்று மட்டும் சொன்னால், காரணம் தேடி நீங்கள் லாகைக் கிளற வேண்டும். அதனால் டெஸ்ட் சர்வர், ஸ்டார்லெட், ஜாங்கோ மூன்றுமே இயல்பாக எக்ஸப்ஷனைக் கடத்துகின்றன. 500 பதிலின் வடிவத்தையே டெஸ்ட் செய்ய வேண்டுமென்றால் ஜாங்கோ, ஸ்டார்லெட் கிளையன்ட்டில் அதை அணைக்க ஒரு அமைப்பு உண்டு. டாட்நெட்டில் உங்கள் பிழை மிடில்வேரை இயக்கிவிட்டாலே போதும்.

மாக்எம்விசியில் வேறு சிக்கல். பிழைப் பக்கத்துக்கு மறுபடி அனுப்புவது சர்வ்லெட் கன்டெய்னரின் வேலை, அங்கே கன்டெய்னரே இல்லை. எனவே பிழைப் பக்கத்தின் ஜேசன் சரியா என்று அதில் பார்க்க முடியாது; நிஜப் போர்ட்டில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

சர்வர் தொடங்கும்போது நடக்க வேண்டிய வேலைகள் நடக்கவில்லை.

பைத்தானின் அசிங்க் பக்கத்தில் இது தினசரிப் புகார். டபிள்யூஎஸ்ஜிஐயின் அசிங்க் வடிவம் ஏஎஸ்ஜிஐ; எச்டிடிபிஎக்ஸின் ஏஎஸ்ஜிஐ டிரான்ஸ்போர்ட் தொடக்க, முடிவு நிகழ்வுகளை அனுப்புவதே இல்லை. ஸ்டார்லெட் டெஸ்ட் கிளையன்ட் அனுப்பும், ஆனால் அதை வித் பிளாக்குக்குள் திறந்தால் மட்டும்தான். டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்று பிழை வந்தால் பத்துக்கு ஒன்பது முறை அந்த வித் விட்டுப்போயிருக்கும்.

லாகினை எப்படிக் கையாள்வது?

மூன்று வழிகள், மூன்றும் தேவைப்படும். பெரும்பாலான டெஸ்டுகளுக்கு, "இந்தப் பயனர் உள்ளே வந்துவிட்டார்" என்று அப்ளிகேஷனுக்குச் சொல்லிவிடுவது போதும். ஜாங்கோவில் ஃபோர்ஸ் லாகின், ஃபாஸ்ட்ஏபிஐயில் டிபென்டன்சியை மாற்றிவைப்பது, டாட்நெட்டில் டெஸ்டுக்கென ஒரு அங்கீகார ஹேண்ட்லர். சிலவற்றுக்கு டெஸ்ட் சாவியால் கையெழுத்திட்ட நிஜ டோக்கனை அனுப்புங்கள், டோக்கன் சரிபார்க்கும் நிரல் ஓடட்டும். ஒன்றிரண்டில் டோக்கனே இல்லாமல் அழைத்து 401 வருகிறதா என்று பாருங்கள். கடைசி வகையை எழுத மறப்பவர்கள்தான் அதிகம், கதவு திறந்தே கிடந்தது என்று பிறகு தெரிந்துகொள்பவர்களும் அவர்கள்தான்.

ஜாங்கோ பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு: அதன் டெஸ்ட் கிளையன்ட் சிஎஸ்ஆர்எஃப் சோதனையை (வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையைத் தடுப்பது) இயல்பாக அணைத்துவைக்கிறது. சோதனை வேண்டுமென்றால் கிளையன்ட்டை உருவாக்கும்போதே கேட்க வேண்டும்.

டேட்டாபேஸும் நினைவகத்தில்தான் இருக்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டும் தனித்தனி முடிவு. "நினைவகம்" என்ற சொல் பொதுவாக இருப்பதால் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. எச்டிடிபியை நினைவகத்தில் வைத்து டேட்டாபேஸை நிஜமாக வைப்பதுதான் என் விருப்பம். புரொடக்‌ஷனில் போஸ்ட்கிரெஸ், டெஸ்டில் எஸ்க்யூலைட் என்று வைத்தால் வகைகள், பூட்டுகள், எழுத்து ஒப்பீடு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். டாட்நெட்டின் டேட்டாபேஸ் லைப்ரரியான என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரின் நினைவக டேட்டாபேஸ் உறவுமுறை டேட்டாபேஸே இல்லை. டிரான்ஸாக்‌ஷன் கிடையாது, நேரடி எஸ்க்யூஎல் ஓடாது. டெஸ்டுக்கு அதை வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணங்களே சொல்கின்றன. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் போன்ற லைப்ரரி டாக்கரில் ஒரு நிஜ டேட்டாபேஸை ஏற்றித் தரும். முதல் டெஸ்ட் கொஞ்சம் காத்திருக்கும், பரவாயில்லை.

என் சர்வீஸ் இன்னொரு சர்வீஸை அழைக்கிறது. அதை என்ன செய்வது?

அதே வித்தையை மறுபக்கத்திலும் செய்யலாம். உங்கள் சர்வீஸுக்குள் இருக்கும் எச்டிடிபி கிளையன்ட்டின் கடைசிக் கண்ணியையும் மாற்றுங்கள். இரண்டாவது சர்வீஸ் உங்களுடையதே என்றால் அதன் நினைவக சர்வரை அங்கே மாட்டலாம்; இரண்டு சர்வீஸும் ஒரே டெஸ்டுக்குள் பேசிக்கொள்ளும். டாட்நெட்டில் கிளையன்ட் ஃபேக்டரியின் முதன்மை ஹேண்ட்லராக மற்ற டெஸ்ட் சர்வரின் ஹேண்ட்லரைக் கொடுத்தால் நடக்கும். மூன்று நான்கு சர்வீஸ் என்று அடுக்கத் தொடங்கினால் அமைப்பு நிரலே தனி புராஜெக்ட் ஆகிவிடும். இரண்டோடு நிறுத்துவேன்.

வேறு ஒருவருடைய சர்வீஸ் என்றால் மாக்தான். இங்கே மாக் நியாயமானது. தெரியாத முகவரிக்கு அழைப்பு போனால் உடனே பிழை எறியும்படி அதை எழுதுங்கள்; டெஸ்ட் ஓடும்போது நிஜமான வெளி சர்வீஸுக்கு ஏதாவது போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.

டைம்அவுட்டை இதில் சோதிக்க முடியுமா?

பாதி முடியும். டாட்நெட்டில் டைம்அவுட் கிளையன்ட் மேலுறையிலேயே இருக்கிறது (இயல்பாக 100 விநாடி), எனவே உங்கள் ஹேண்ட்லர் ரத்துக் குறியை மதித்தால் வேலை செய்யும். எச்டிடிபிஎக்ஸில் டைம்அவுட்டை அமல்படுத்துவது டிரான்ஸ்போர்ட். ஏஎஸ்ஜிஐ டிரான்ஸ்போர்ட் அதைக் கண்டுகொள்வதில்லை. கோ மொழியில், மேலே சொன்ன பத்து வரி நிரல் ஹேண்ட்லர் முடியும்வரை நகராது. ஹேண்ட்லரைத் தனி கோரூட்டீனில் (இணையாக ஓடும் கோவின் இழை) ஓட்டி, கான்டெக்ஸ்ட் முடிவதற்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும்.

இணைப்பு பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்பதைக் கிளையன்ட் பக்கத்தில் சோதிக்க இது ரொம்ப வசதி. உங்கள் டிரான்ஸ்போர்ட் மூன்று முறை பிழை எறிந்து நான்காவதில் சர்வரிடம் அனுப்பட்டும். மறுமுயற்சி நிரல் சரியா என்று நிஜ நெட்வொர்க்கில் இவ்வளவு துல்லியமாகப் பார்க்கவே முடியாது.

வெப்சாக்கெட், ஸ்ட்ரீமிங்?

வெப்சாக்கெட்டுக்கு டெஸ்ட் சர்வரிலும் ஸ்டார்லெட்டிலும் தனிக் கிளையன்ட் இருக்கிறது. கோவின் ரெக்கார்டரில் முடியாது, இணைப்பைக் கைப்பற்ற அங்கே இணைப்பே இல்லை. ஸ்ட்ரீமிங்கில் ஏஎஸ்ஜிஐ டிரான்ஸ்போர்ட், கோ ரெக்கார்டர் இரண்டுமே பதில் முழுவதும் முடிந்த பிறகுதான் தரும். முடிவே இல்லாத நிகழ்வு ஓடையை அப்படி டெஸ்ட் செய்தால் டெஸ்ட் தொங்கிவிடும். இவற்றுக்கு நிஜப் போர்ட்டையே திறந்துகொள்ளுங்கள்.

டெஸ்டுகளை இணையாக ஓட்டலாமா?

போர்ட் மோதல் இல்லை என்பதால் ஓட்டலாம். ஆனால் எல்லாம் ஒரே ப்ராசஸ் என்பதை மறக்காதீர்கள். ஸ்டாடிக் மாறிகள், கேஷ், சூழல் மாறிகள் எல்லா டெஸ்டுக்கும் பொது. டெஸ்ட் தனியாக ஓடினால் பாஸ், கூட்டத்தில் ஓடினால் ஃபெயில் என்றால் அங்கே தேடுங்கள்.

எந்தப் பிழைகளை இது பிடிக்காது?

நாம் கழற்றிய துண்டில் இருந்த எல்லாவற்றையும். டிஎல்எஸ் சான்றிதழ், டிஎன்எஸ், எச்டிடிபி/2, இணைப்புகளை மீண்டும் பயன்படுத்துவது, ஹெடர் அளவு வரம்பு, தவறாக வடிவமைந்த கோரிக்கையை வெப் சர்வர் எப்படி நிராகரிக்கிறது என்பது, இவை எதுவும் ஓடவே இல்லை. டாட்நெட்டின் டெஸ்ட் சர்வரில் அழைப்பவரின் ஐபிகூடக் காலி மதிப்பாகத்தான் வரும்.

சர்வருக்கு முன்னால் நிற்பவை இன்னும் ஆபத்து. ஒரு கோப்பேற்றும் வசதிக்கு நாங்கள் 3 எம்பி கோப்பு வைத்து நினைவக டெஸ்ட் எழுதியிருந்தோம். எல்லாம் பச்சை. வெளியிட்ட அன்றே பயனர்களுக்கு 413 (கோரிக்கை மிகப் பெரியது) வந்தது. முன்னால் ப்ராக்ஸியாக இருந்த என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் கோரிக்கை உடலை ஏற்காது. அந்த அமைப்பை மாற்ற எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கோரிக்கை எங்கள் நிரலைத் தொடவே இல்லை, பிறகு எங்கள் டெஸ்ட் எப்படிப் பிடிக்கும்?

அப்படியானால் எந்த வகை டெஸ்ட் எவ்வளவு?

எண்ணிக்கை விகிதம் எதுவும் சொல்ல மாட்டேன். நான் செய்வது இது: ரூட்டிங், சரிபார்ப்பு, அனுமதி, பதிலின் வடிவம் எல்லாவற்றுக்கும் நினைவக டெஸ்ட். கணக்கு, விதி போன்ற தூய தர்க்கத்துக்கு எச்டிடிபியே வேண்டாம், ஃபங்ஷனை நேராக அழைக்கிறேன். அப்புறம், புரொடக்‌ஷன் போலவே ப்ராக்ஸி, டிஎல்எஸ் எல்லாம் வைத்த சூழலில் ஒரு கைப்பிடி டெஸ்ட்: லாகின், ஒரு வாசிப்பு, ஒரு எழுத்து, ஒரு பெரிய கோப்பு. பெரிய கோப்பு ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இரண்டு வகைக்கும் ஒரே டெஸ்ட் நிரலைப் பயன்படுத்த முடியும் என்பது பலர் கவனிக்காத வசதி. டெஸ்ட் ஒரு கிளையன்ட்டையும் அடிப்படை முகவரியையும் மட்டும் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும். நினைவக டிரான்ஸ்போர்ட்டைக் கொடுத்தால் அப்படி ஓடும், சாதாரண கிளையன்ட்டும் நிஜ முகவரியும் கொடுத்தால் இப்படி ஓடும். ஆனால் டேட்டாபேஸை நேராக எட்டிப் பார்க்கும் டெஸ்டுகளை இப்படி இரு பக்கமும் ஓட்ட முடியாது, அவற்றைத் தனியே பிரித்துவையுங்கள்.

பழைய சர்வீஸ் ஒன்று. மெயின் ஃபங்ஷனிலேயே எல்லாம் தொடங்கிவிடுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மெயினை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, அமைப்புகளை வாங்கிக்கொண்டு அப்ளிகேஷன் பொருளைக் கட்டித் திருப்பித் தரும் ஃபங்ஷன். மற்றொன்று, அந்தப் பொருளைப் போர்ட்டில் ஏற்றும் இரண்டு மூன்று வரிகள். முதலாவதுக்குள் போர்ட், சாக்கெட் என்ற பேச்சே இருக்கக்கூடாது. நோடில் லிஸன் அழைப்பைத் தனிக் கோப்புக்கு நகர்த்தினாலே பெரும்பாலும் முடிந்துவிடும். உலகளாவிய மாறியில் டேட்டாபேஸ் இணைப்பு இருந்தால் முதல் நாளே அதை மாற்றப் போகாதீர்கள். முதலில் நலமா என்று கேட்கும் எண்ட்பாயின்டுக்கு ஒரு கோரிக்கை அனுப்பி 200 வருகிறதா என்று ஒரே ஒரு நினைவக டெஸ்ட் எழுதி ஓடவையுங்கள். அதை ஓடவைப்பதற்குள்ளேயே எந்தெந்த இடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நிரல் காட்டிக்கொடுத்துவிடும்.